வருமானம், இனம், வாக்கு: அமெரிக்க ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பொருளாதார ஏற்றத்தாழ்வு, இனங்களுக்கிடையே நியாயம், வாக்குரிமை மூன்றையும் சேர்த்தே ஆராயும் கொள்கை ஆய்வு நிறுவனங்கள் பல உண்டு. அவர்கள் வெளியிடும் எண்களைப் படிக்கும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். பதில்கள் படிவங்கள், பட்டியல்கள் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்திருக்கும். வாக்குகள் பெரும்பாலும் அங்கேதான் தொலைகின்றன.

இந்த மூன்றையும் ஏன் சேர்த்து ஆராய்கிறார்கள்?

பெரும்பாலும் ஒரே ஆள்தான் மூன்றிலும் மாட்டிக்கொள்கிறார். வாடகை ஏறியதால் வீடு மாறுகிறவருக்கு முகவரி மாறுகிறது. முகவரி மாறினால் வாக்காளர் பதிவையும் பெரும்பாலும் அவரேதான் மாற்ற வேண்டும். நம் ஊரில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் படிவத்தோடு வீடு தேடி வருவதுபோல அங்கே யாரும் வருவதில்லை. பதிவு என்பது குடிமகன் தலையில் விழுந்த வேலை. அடிக்கடி வீடு மாறுகிறவர் யார் என்று பார்த்தால் வாடகைக்கு இருப்பவர். வாடகைக்கு இருப்பவர் யார் என்று பார்த்தால் சொந்த வீடு வாங்கும் வாய்ப்பு தலைமுறைகளாகக் கிடைக்காதவர்.

வரலாற்றிலும் இவை பிரிந்து இருந்ததில்லை. இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 15-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1870-லேயே சொல்லிவிட்டது. தென் மாநிலங்கள் அதற்கு மாற்றாகக் கண்டுபிடித்தது தலைவரி. அலபாமாவில் 1901 முதல் வாக்களிக்க விரும்புகிறவர் ஆண்டுக்கு ஒன்றரை டாலர் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பாக்கி சேர்ந்துகொண்டே போகும். 21 வயதிலிருந்து கட்டாதவர் 45 வயதில் 36 டாலர் எண்ணி வைத்தால்தான் வாக்கு. குத்தகை நிலத்தில் பருத்தி எடுத்தவர் கையில் அத்தனை ரொக்கம் எங்கே இருக்கும்? சட்டத்தில் ‘கறுப்பர்’ என்ற சொல்லே இல்லை. அது தேவைப்படவும் இல்லை. கூட்டாட்சித் தேர்தல்களில் தலைவரியை ஒழித்தது 1964-ல் வந்த 24-ஆவது திருத்தம். மாநிலத் தேர்தல்களுக்கும் ஒழித்தது 1966-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

சொத்து இடைவெளி எவ்வளவு? யார் அளக்கிறார்கள்?

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் மூன்றாண்டுக்கு ஒருமுறை குடும்ப நிதிநிலைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2022 சுற்றில் ஏறக்குறைய 4,600 குடும்பங்கள். வீடு, சேமிப்பு, ஓய்வூதியக் கணக்கு, பங்குகள் எல்லாவற்றையும் கூட்டி, கடனைக் கழித்தால் வருவது நிகரச் சொத்து. வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலை மதிப்பு 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குடும்பத்துக்கு சுமார் 61,600.

இடைநிலை மதிப்பு என்றால் எல்லாக் குடும்பங்களையும் வரிசையாக நிறுத்தி நட்டநடுவில் இருப்பவரைப் பார்ப்பது. சராசரி வேறு. அதே ஆண்டில் வெள்ளையர் குடும்பங்களின் சராசரி சுமார் 13.6 லட்சம் டாலர், கறுப்பினக் குடும்பங்களின் சராசரி சுமார் 2.1 லட்சம். மேலே இருக்கும் சிலரின் கோடிகள் சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு கட்டுரை எந்த எண்ணைத் தருகிறது என்று சொல்லவில்லை என்றால் அந்தக் கட்டுரையை அதோடு மூடிவிடலாம்.

இன்னொரு வழுக்கல்: விகிதமும் தொகையும் எதிரெதிர்த் திசையில் போகலாம். 2019-க்கும் 2022-க்கும் இடையே கறுப்பினக் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து சுமார் 60% உயர்ந்தது, வெள்ளையருடையது சுமார் 31%. ‘இடைவெளி குறைகிறது’ என்று தலைப்பு போடலாம். ஆனால் டாலரில் பார்த்தால் இடைவெளி சுமார் 1.9 லட்சத்திலிருந்து 2.4 லட்சமாகக் கூடியது. இரண்டும் உண்மைதான். சிறிய எண்ணில் 60% ஏறுவதும் பெரிய எண்ணில் 31% ஏறுவதும் ஒன்றல்ல.

கணக்கெடுப்புக்கும் எல்லை உண்டு. பெரும் பணக்காரர்கள் சாதாரண மாதிரியில் அகப்பட மாட்டார்கள் என்பதால் வரிப் பதிவுகளைக் கொண்டு தனியாக ஒரு மாதிரி எடுத்துச் சேர்க்கிறார்கள். நாட்டின் முதல் 400 செல்வந்தர்களை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். எனவே உச்சியில் இருக்கும் குவிப்பை இது கொஞ்சம் குறைத்தே காட்டும்.

சம்பளம் சமமானால் சொத்தும் காலப்போக்கில் சமமாகிவிடாதா?

ஆகாது. சம்பளம் ஓடும் தண்ணீர், சொத்து தேங்கியிருக்கும் குளம். குளம் வெட்ட விடாத காலம் ஒன்று இருந்தது. 1934-ல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுக்கடன் காப்பீடு கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை ஆபத்தான முதலீடு என்று வகைப்படுத்தி ஒதுக்கியது. 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் விட்டுவிட்டது. தெற்கில் கறுப்பினத்தவர் செய்த வேலைகள் பெரும்பாலும் இவையே. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968-ல்தான் வந்தது. இன்று வெள்ளையரில் நூற்றுக்கு 70-க்கும் மேற்பட்டோர் சொந்த வீட்டில் இருக்கிறார்கள், கறுப்பினத்தவரில் சுமார் 45 பேர்.

ஆய்வாளர்களுக்குள் ஒரு சச்சரவும் உண்டு. 1930-களில் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைந்த, ஆபத்தான பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசிய வரைபடங்கள் கட்டுரைதோறும் வருகின்றன. வரைபடம் அழகாக இருப்பதால் எல்லாப் பழியையும் அதன்மேல் போடுவது எளிது. ஆனால் அந்தக் கழகமே கறுப்பினத்தவர் பலருக்குக் கடன் கொடுத்திருக்கிறது. உண்மையான பூட்டு, மேலே சொன்ன 1934-ன் கடன் காப்பீட்டு நிர்வாகத்தின் விதிப்புத்தகத்தில் இருந்தது.

ஏழைகள் குறைவாக வாக்களிப்பது அக்கறையின்மைதானே?

2020 தேர்தலுக்குப் பின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் எடுத்த சர்வேயில், குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் இடையில் உள்ளவர்களில் 81% வாக்களித்ததாகச் சொன்னார்கள். 30,000-க்கும் 40,000-க்கும் இடையில் உள்ளவர்களில் 63.6%. இடைவெளி நிஜம்.

அதே சர்வேயில் வாக்களிக்கும் வயதுக் குடிமக்களில் பதிவு செய்திருந்தவர்கள் 72.7%, வாக்களித்தவர்கள் 66.8%. வகுத்துப் பாருங்கள்: பதிவு செய்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாக்களித்திருக்கிறார்கள். வடிகட்டல் பெரும்பாலும் சாவடிக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. இதை வைத்து, ‘எல்லோரையும் பதிவு செய்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் வருவார்கள்’ என்று கணக்குப் போடக் கூடாது. தானாகப் போய்ப் பதிவு செய்கிறவருக்கு ஏற்கெனவே ஆர்வம் இருக்கிறது. நேர்மையான ஆய்வு இந்த இடத்தில் நின்று பேசும், பிரசாரத் துண்டறிக்கை தாண்டிப் போய்விடும்.

1993 பதிவுச் சட்டத்தில் நலத்திட்ட அலுவலகங்களுக்கு என்ன வேலை?

அதிபர் கிளிண்டன் 1993 மே மாதம் கையெழுத்திட்ட தேசிய வாக்காளர் பதிவுச் சட்டத்தை எல்லோரும் ‘மோட்டார் வோட்டர்’ என்கிறார்கள், ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்திலேயே வாக்காளராகவும் பதியலாம் என்பதால். கார் இல்லாதவர் என்ன செய்வார்? அதற்காகத்தான் 7-ஆவது பிரிவு. உணவு உதவி, மெடிகெய்ட் மருத்துவ உதவி, ஏழைக் குடும்பங்களுக்கான பண உதவி, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்குமான சத்துணவு ஆகியவற்றை வழங்கும் அலுவலகங்கள் வாக்காளர் பதிவையும் செய்துதர வேண்டும்.

எப்போதெல்லாம்? புதிய விண்ணப்பம், மறுமதிப்பீடு, புதுப்பித்தல், முகவரி மாற்றம் என ஒவ்வொரு முறையும். முதலில் படிவத்தின் ஒரு கேள்வி: இப்போது வசிக்கும் இடத்தில் நீங்கள் வாக்காளராகப் பதிவாகவில்லை என்றால், இன்று இங்கே பதிய விரும்புகிறீர்களா? ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள். பதிந்தாலும் பதியாவிட்டாலும் உதவித் தொகை கூடாது, குறையாது என்ற வாசகமும் அங்கே இருக்க வேண்டும். அடுத்து, பதிவுப் படிவத்தைக் கையில் கொடுக்க வேண்டும். மற்ற விண்ணப்பத்தை நிரப்ப எவ்வளவு உதவுகிறார்களோ அதே அளவுக்கு இதற்கும் உதவ வேண்டும். நிரப்பியதைத் தேர்தல் அலுவலகத்துக்கு 10 நாளுக்குள் அனுப்ப வேண்டும். பதிவுக் கெடு நெருங்கி, கடைசி ஐந்து நாளுக்குள் வாங்கியதென்றால் 5 நாளுக்குள்.

ஆறு மாநிலங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்பதே கிடையாது. மினசோட்டா, விஸ்கான்சின், வயோமிங், ஐடஹோ, நியூ ஹாம்ப்ஷயர் ஆகியவை தேர்தல் நாளிலேயே பதிய விடுபவை.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் எங்கே பிசகுகிறது?

முதல் இரண்டாண்டில் (1995–96) இந்த அலுவலகங்கள் வழியாக வந்த பதிவு விண்ணப்பங்கள் சுமார் 26 லட்சம். 2005–06-ல் சுமார் 5.4 லட்சம். தடை போட்டு எவரும் நிறுத்தவில்லை, பழக்கம் தேய்ந்துபோனது. பிசகும் இடங்கள் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

காலியான கட்டம். விண்ணப்பதாரர் ஆம், இல்லை இரண்டையும் டிக் செய்யாமல் விட்டுவிடுகிறார். ‘எந்தக் கட்டத்தையும் தேர்வு செய்யாவிட்டால் இப்போது பதிய வேண்டாம் என்று முடிவெடுத்ததாகக் கருதப்படும்’ என்று படிவமே சொல்வதால் அலுவலர் பதிவுப் படிவத்தைத் தருவதில்லை. ஆனால் எழுத்துமூலம் மறுத்தவருக்கு மட்டுமே படிவம் தர வேண்டியதில்லை என்பது சட்டம். காலியாக விடுவது எழுத்துமூல மறுப்பு ஆகாது என்று நியூ மெக்ஸிகோ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-ல் தீர்த்துவைத்தது. அந்த வாசகத்தின் வேலை, அவருக்காக அலுவலகமே பதிவு செய்யத் தேவையில்லை என்று சொல்வது மட்டும்.

தொலைபேசியும் இணையமும். நேரில் வந்தால் முன்மேசையில் படிவம் அடுக்கி இருக்கும். உணவு உதவியை இணையத்தில் புதுப்பிக்கிறவருக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு சுட்டி மட்டும் தொங்கும், சில இடங்களில் அதுவும் இருக்காது. நேரில் வருபவர்களுக்கு மட்டும்தான் கடமை என்று ஜார்ஜியா மாநிலம் வாதாடிப் பார்த்தது. கூட்டாட்சி நீதிமன்றம் 2012-ல் ஏற்கவில்லை.

முகவரி மாற்றம். புதிய விண்ணப்பத்துக்குக் கேட்பார்கள், முகவரி மாற்றத்துக்குக் கேட்க மறப்பார்கள். பதிவு செல்லாமல் போவது துல்லியமாக அந்த நேரத்தில்தான்.

பெட்டி. நிரப்பிய படிவங்களை ஒரு டிரேயில் போட்டுவைத்து மாதக் கடைசியில் மொத்தமாக அனுப்புவது. 10 நாள் கெடு அங்கே போய்விடும். பயிற்சி பெற்ற அலுவலர் இடமாற்றம் ஆனதும் டிரே எதற்கென்றே புதியவருக்குத் தெரியாது.

வெளியிலிருந்து இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதல் படி கணக்கு. தேர்தல் உதவி ஆணையம் இரண்டாண்டுக்கு ஒருமுறை நாட்டின் ஆறாயிரத்துச் சொச்சம் தேர்தல் வட்டாரங்களிடமிருந்து பதிவு விவரம் வாங்கி வெளியிடுகிறது. எந்த வழியாக எத்தனை விண்ணப்பம் வந்தது என்று அதில் இருக்கும். நலத்திட்ட அலுவலகத்தின் மாதாந்திரப் பயனாளி எண்ணிக்கை வேறோர் இடத்தில் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஓர் அலுவலகம் மாதம் 2,000 விண்ணப்பங்களைப் பார்க்கிறது, ஆனால் அனுப்பிய வாக்காளர் படிவம் 3 என்றால், அங்கே யாரும் கேட்கவே இல்லை என்று யூகிக்கலாம்.

யூகம்தான், ஆதாரம் அல்ல. அந்தத் தரவில் பூஜ்யம் என்றால் ‘ஒன்றும் வரவில்லை’ என்றும் இருக்கலாம், ‘கணக்கு வைக்கவில்லை’ என்றும் இருக்கலாம். அலுவலகத்தில் கொடுத்த படிவத்தை ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தபாலில் அனுப்பினால் அது தபால் கணக்கில் ஏறும். எனவே இரண்டாம் படி நேரில் போவது. அலுவலக வாசலில், வேலை முடித்து வெளியே வருகிறவர்களிடம் மூன்று கேள்விகள்: இன்று எதற்காக வந்தீர்கள்? வாக்காளர் பதிவு பற்றிக் கேட்டார்களா? படிவம் தந்தார்களா? முன்மேசையில் போய்ப் படிவம் கேட்டுப் பார்ப்பதும் உண்டு. ‘தீர்ந்துவிட்டது’ என்ற பதில் எத்தனை இடத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்வார்கள். மூன்றாவது, தகவல் கோரும் சட்டத்தின் கீழ் பயிற்சிக் கையேடு, காலிப் படிவம், அனுப்புதல் பதிவேடு ஆகியவற்றின் நகல்.

அதன்பிறகே கடிதம். மாநிலத்தின் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு மீறலை எழுதித் தெரிவித்தால் சரிசெய்ய 90 நாள். கூட்டாட்சித் தேர்தலுக்கு 120 நாளுக்குள் நடந்த மீறல் என்றால் 20 நாள். அதற்கும் சரியாகாவிட்டால் வழக்கு. மிசூரி, ஓஹையோ இரண்டிலும் 2008, 2009 வாக்கில் இப்படித்தான் நடந்தது. நீதிமன்ற உத்தரவோ உடன்பாடோ வந்ததும் விண்ணப்பங்கள் பல மடங்கு ஏறின. அதே மக்கள், அதே அலுவலகம், கேள்வி மட்டும் திரும்பவும் கேட்கப்பட்டது.

பட்டியலிலிருந்து பெயர் நீக்குவது அவசியம்தானே? அதில் என்ன தகராறு?

அவசியம்தான். இறந்தவர், வெளியூர் போனவர் பெயர்கள் பட்டியலில் கிடக்கக் கூடாது. வெளியூர் போனார் என்பதற்கு எதை அறிகுறியாக எடுக்கிறீர்கள் என்பதில்தான் தகராறு.

ஓஹையோவின் முறை இது. இரண்டாண்டு வாக்களிக்கவில்லை என்றால் வீட்டுக்கு ஒரு பதில் அட்டை வரும். தபால் தலை ஒட்டத் தேவையில்லை, ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று நிரப்பிப் போட வேண்டும். போடாமல், அடுத்த நான்காண்டும் வாக்களிக்காமல் இருந்தால் பெயர் நீக்கம். 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் இது செல்லும் என்றது.

எதிர்த்தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீபன் பிரையர் 2012-ன் எண்களை எடுத்து வைத்தார். ஓஹையோ அனுப்பிய அட்டைகள் சுமார் 15 லட்சம். ‘ஆமாம், வீடு மாறிவிட்டேன்’ என்று திரும்பியவை சுமார் 60,000. ‘மாறவில்லை’ என்று திரும்பியவை சுமார் 2,35,000. பதிலே வராதவை பத்து லட்சத்துக்கு மேல். பதில் போட்டவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் அதே வீட்டில்தான் இருந்தார்கள். பதில் போடாத பத்து லட்சத்தையும் வீடு மாறியவர்களாக எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. விளம்பரத் தபால்களோடு சேர்த்து அட்டையைக் குப்பையில் போட்டார்கள் என்பதே எங்களுக்கு நம்பும்படியாக இருக்கிறது.

பட்டியலைச் சரிபார்க்க அனுப்பும் அட்டையை நீங்களே பெறுபவராக இருந்தால்: கையெழுத்திட்டு அன்றே போடுங்கள். தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு மாநில இணையதளத்தில் உங்கள் பதிவைத் தேடிப் பாருங்கள். மொத்தமாகப் பெயர் நீக்கும் வேலையைக் கூட்டாட்சித் தேர்தலுக்கு 90 நாள் முன்பே முடித்திருக்க வேண்டும் என்பதால், அப்போது பெயர் இருந்தால் பெரும்பாலும் இருக்கும்.

ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி என்றால் இரட்டைப் பதிவுதானே?

அப்படித் தோன்றும். ஒரே பெயர்கொண்ட 180 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குள் 16,110 இணைகள் உண்டு. அறுபதாண்டு வயது வித்தியாசத்தில் பிறந்த தேதிகள் ஏறக்குறைய 21,900. நாள், மாதம், ஆண்டு மூன்றும் ஒத்துப்போகும் இருவர் அந்த 180 பேருக்குள் இருக்க பாதிக்கு மேல் வாய்ப்பு. நாடு முழுவதும் மைக்கேல் ஸ்மித்துகள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

கான்சஸ் மாநிலம் நடத்திய ‘கிராஸ்செக்’ என்ற ஒப்பீட்டுத் திட்டம் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்து இப்படிப் பட்டியல் தந்தது. அயோவா தரவைக் கொண்டு செய்த ஆய்வில், அதன் ஒரு நீக்க முறையைப் பின்பற்றினால் ஒரு இரட்டை வாக்கைத் தடுக்க, முறையாக வாக்களித்த சுமார் 300 பேரின் பதிவு போகும் என்று தெரிந்தது. பொதுவான குடும்பப் பெயர்கள் கறுப்பினத்தவர், லத்தீனோ, ஆசியர்களிடையே அதிகம் குவிந்திருப்பதால் அடி எல்லோருக்கும் ஒரே அளவில் விழாது.

வாக்காளர் பட்டியலில் இனம் இல்லாத மாநிலங்களில் எப்படி ஆராய்கிறார்கள்?

ஜார்ஜியா, புளோரிடா, வட கரோலினா போன்ற சில தென் மாநிலங்களே பதிவின்போது இனத்தைக் கேட்கின்றன. மற்ற இடங்களில் குடும்பப் பெயரையும் வீட்டு முகவரியையும் சேர்த்து நிகழ்தகவாகக் கணிக்கிறார்கள். வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர்கொண்டவர்களில் நூற்றுக்கு 87 பேர் கறுப்பினத்தவர். அது கணிப்புக்கு எளிது. ஸ்மித் என்றால் முகவரியைப் பார்த்தாக வேண்டும்.

நம் பெயர்கள் இந்த முறைக்குள் சரியாக உட்காராது. தமிழர் அமெரிக்காவில் அப்பா பெயரையே குடும்பப் பெயராக எழுதுகிறார்கள். தாமஸ் என்பது அப்பா பெயர் என்றால், அந்தக் கணிப்பு அவரை வெள்ளையர் அல்லது கறுப்பினத்தவர் பக்கம் தள்ளும். லட்சக்கணக்கான பேரின் மொத்தக் கூட்டலுக்கு இந்தக் கணிப்பு உதவும், தனியாளைச் சுட்டிக்காட்ட உதவாது. ‘இந்த 40 பேர் ஆசியர்கள்’ என்று ஓர் அறிக்கை சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரே தேர்தலுக்கு வெவ்வேறு வாக்களிப்பு விகிதம் வருகிறதே?

வகுக்கும் எண் வேறு. 18 வயதைக் கடந்த அனைவராலும் வகுத்தால் குடியுரிமை இல்லாதவர்களும் உள்ளே வந்து விகிதம் குறையும். குடிமக்களால் மட்டும் வகுத்தால் ஏறும். தண்டனையால் வாக்குரிமை இழந்தவர்களையும் கழித்தால் இன்னும் சற்று ஏறும். சர்வே என்றால் வேறு சிக்கல்: வாக்களிக்காதவர் வாக்களித்ததாகச் சொல்வார், வீட்டில் ஒருவர் மற்றவருக்கும் சேர்த்துப் பதில் சொல்வார், பதில் சொல்லாதவரை ‘வாக்களிக்கவில்லை’ என்று சேர்ப்பார்கள். பிழைகள் எதிரெதிராக இழுப்பதால் மொத்த எண் சரியாகத் தெரியலாம், உள்ளே குழுவாரியாகச் சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

2013 தீர்ப்பு ஆய்வாளர்களுக்கு ஏன் தலைவலி?

1965 வாக்குரிமைச் சட்டத்தின் பலன் சாதாரணமானதல்ல. மிசிசிப்பியில் கறுப்பினத்தவர் பதிவு 6.7%-லிருந்து 1967-க்குள் 59.8% ஆனது. பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதி எதை மாற்றினாலும் முன்கூட்டியே வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்பது அதன் கூர்மையான பகுதி. 2013-ல் ஷெல்பி கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம்போல) வழக்கில் உச்ச நீதிமன்றம் எந்த மாநிலங்கள் என்று தீர்மானிக்கும் சூத்திரத்தை ரத்து செய்ததால் அது செயலிழந்தது. அன்றைக்கே டெக்சாஸ் தன் அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்துவதாக அறிவித்தது. அந்தச் சட்டத்தின்படி துப்பாக்கி உரிமம் செல்லும், மாணவர் அட்டை செல்லாது.

வெளியே அதிகம் பேசப்படாத இழப்பு ஒன்று உண்டு. ஒப்புதல் கேட்ட காலத்தில் ஒவ்வொரு வாக்குச்சாவடி மாற்றமும் காகிதமாக ஓரிடத்தில் வந்து சேர்ந்தது. இப்போது சாவடி மூடப்பட்டதா என்று தெரிய கவுண்டி கவுண்டியாகக் கடிதம் எழுத வேண்டும்.

வரிசையில் நிற்பதையும் அளக்கிறார்களா?

ஆம். 2016 தேர்தலில் கைப்பேசி இருப்பிடத் தரவை வைத்துச் செய்த ஆய்வில், கறுப்பினத்தவர் மட்டுமே வாழும் பகுதியில் காத்திருப்பு, வெள்ளையர் மட்டுமே வாழும் பகுதியைவிட 29% அதிகம். அரை மணிக்கு மேல் காத்திருக்கும் வாய்ப்பு 74% அதிகம்.

காரணம் பெரும்பாலும் சின்னக் கணக்குதான். பெயர் சரிபார்க்க ஒருவருக்கு 2 நிமிடம், மேசைகள் 3. மணிக்கு 90 பேர் போகலாம். காலை 7-லிருந்து 8-க்குள் 150 பேர் வந்தால் 60 பேர் தேங்குவார்கள், கடைசி ஆளுக்கு 40 நிமிடம். நான்காவது மேசை போட்டால் தேங்குவது 30 பேர், கடைசி ஆளுக்கு 15 நிமிடம். ஆனால் உள்ளே 10 இயந்திரங்களே இருந்து, நீளமான வாக்குச்சீட்டு முடிக்க ஒருவருக்கு 8 நிமிடம் ஆனால், மணிக்கு 75 பேர்தான். மேசையைக் கூட்டினால் வரிசை வாசலிலிருந்து அறைக்குள் நகரும், அவ்வளவே. மணிக்கூலிக்குப் போகிறவருக்கு அந்த 40 நிமிடம் சம்பளத்தில் பிடித்தம்.

புளோரிடாவில் அபராதம் கட்டாதவருக்கு வாக்கு இல்லை என்கிறார்களே?

கடுங்குற்றத் தண்டனை முடித்தவர்களுக்கு (கொலை, பாலியல் குற்றம் தவிர) வாக்குரிமை திரும்பத் தரும் திருத்தத்தை 2018 நவம்பரில் புளோரிடா வாக்காளர்களில் ஏறக்குறைய 64.5% பேர் ஆதரித்தார்கள். பலன் பெறக்கூடியவர்கள் சுமார் 14 லட்சம் என மதிப்பிடப்பட்டது. மறு ஆண்டே சட்டமன்றம் ‘தண்டனை முடிப்பது’ என்றால் அபராதம், நீதிமன்றக் கட்டணம், இழப்பீடு எல்லாம் கட்டி முடிப்பது என்று சட்டம் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 செப்டம்பரில் அதை ஏற்றுக்கொண்டது.

கட்டலாம் என்றாலும் எவ்வளவு என்று தெரிய வேண்டுமே. பழைய வழக்குகளின் பாக்கி 67 கவுண்டிகளின் எழுத்தர் அலுவலகங்களில் சிதறிக் கிடந்தது. சில கணக்கு வசூல் நிறுவனங்களிடம் போய்விட்டது. தவறாகப் பதிந்தால் வழக்கு வரலாம் என்ற பயத்தில், பாக்கி இல்லாதவர்களும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அலபாமாவின் 36 டாலர் கணக்கிலாவது தொகை எவ்வளவு என்று தெரிந்திருந்தது.

தமிழில் வாக்குச்சீட்டு கிடைக்குமா?

1975-ல் சேர்க்கப்பட்ட 203-ஆவது பிரிவின்படி, ஒரு வட்டாரத்தில் ஆங்கிலம் போதிய அளவு தெரியாத ஒரே மொழிச் சிறுபான்மைக் குடிமக்கள் 10,000 பேருக்கு மேலோ 5%-க்கு மேலோ இருந்து, அவர்களிடையே எழுத்தறிவின்மை தேசிய அளவைவிட அதிகமாக இருந்தால் மொழி உதவி கட்டாயம். இந்தியர்கள் ‘ஆசிய இந்தியர்’ என்ற ஒரே தலைப்பில் எண்ணப்படுகிறார்கள். எந்த மொழி என்பதை வட்டாரம் தீர்மானிக்கும். நியூயார்க்கின் குவீன்ஸில் வங்காளம், சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் இந்தி. ஆங்கிலம் தெரிந்தவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள் என்பதால் இந்தப் பிரிவின் வழியே தமிழுக்கு எண்ணிக்கை சேர்வது கடினம். உதவி தேவைப்படும் வயதானவர், வேலை கொடுப்பவரோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ அல்லாத யாரையும் சாவடிக்குள் துணைக்கு அழைத்துப்போகலாம் என்பது எல்லா மொழிக்காரருக்கும் உள்ள உரிமை.

கிரீன் கார்டு, எச்1பி உள்ளவரிடம் ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் ‘பதியலாமா’ என்று கேட்டால்?

‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். மேலே சொன்ன கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படுவது. அலுவலர் கேட்டார் என்பதால் தகுதி வந்துவிடாது. படிவத்தின் முதல் வரி, நீங்கள் அமெரிக்கக் குடிமகனா என்பது. அவசரத்தில் ‘ஆம்’ டிக் செய்து கையெழுத்திட்டால் குடியுரிமை பற்றிப் பொய் சொன்னதாகக் கொள்ளப்படலாம், நாடு கடத்தல் வரை போகலாம். தொடுதிரையில் அடுத்து அடுத்து என்று தட்டிக்கொண்டே போவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. பதிவு அட்டை தபாலில் வந்த பிறகே பலருக்குத் தெரியவரும்.

அப்படி வந்துவிட்டால், எக்காரணம் கொண்டும் வாக்களிக்க வேண்டாம். அட்டையையும் அது வந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள். உரிம அலுவலகத்தில் என்ன ஆவணம் காட்டினீர்கள் என்பதை (கிரீன் கார்டு, கடவுச்சீட்டு) தேதியோடு எழுதி வையுங்கள். பெயரை நீக்கச் சொல்லித் தேர்தல் அலுவலகத்துக்கு எழுதுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். அந்தக் கடிதமும் பின்னால் கோப்பில் இருக்கும். குடியுரிமை விண்ணப்பத்தில் ‘எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா’ என்று கேட்பார்கள். அங்கே எழுதும் பதிலும் இந்தக் கடிதமும் ஒத்துப்போக வேண்டும்.